ஷிப்ட் இரண்டு, தராசு ஒன்றா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. புள்ளியியல் மாணவன்)

என் தந்தையார் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓர் அனைத்திந்தியத் தேர்வு எழுதினேன். எனக்குப் பிற்பகல் ஷிப்ட். நண்பனுக்கு மறுநாள் காலை. விடைக்குறிப்பின்படி அவனைவிட எனக்கு எட்டு மதிப்பெண் கூடுதல். முடிவு வந்தபோதோ அவன் முன்னே, நான் பின்னே! “எடுத்த மார்க்க எதுக்குடா கொறச்சாங்க?” என்றார் அப்பா. பதில் தெரியாமல் நின்றேன். புள்ளியியல் பயின்றபின் எழுதும் பதிலே இக்கட்டுரை.

மாற்றியது குற்றமன்று. சுரங்கத்தில் ஒரு ஷிப்ட்டுக்கு இளகிய மண் வாய்க்கும். மற்றொன்றில் பக்கெட் வீல் எந்திரத்தின் பற்கள் கடலூர் மணற்கல்லில் தேயும். இரண்டின் டன் கணக்கையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமா? வினாத்தாளும் அவ்வாறே.

ஆனால், எப்படி மாற்றுவது? 2019 முதல் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் பெர்சன்டைல் முறை உள்ளது. ஒருவருக்குச் சமமாகவோ குறைவாகவோ மதிப்பெண் பெற்றோர் அந்த ஷிப்ட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே கணக்கு. இரு ஷிப்ட்டிலும் எழுதியோர் திறமையில் நிகரானவர் என்பது இதன் அடிப்படை. இலட்சக்கணக்கானோரைக் குலுக்கிப் பிரித்தால் அது ஏறக்குறையப் பொருந்தும். சில நூறு பேர் என்றால் பொருந்துமென்று யார் உறுதி கூறுவது?

மாநிலப் பாடத்திட்டமும் மத்தியப் பாடத்திட்டமும் அடுத்தடுத்த வட்டங்களில் நடக்கும் நம் நெய்வேலிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வாரியத்தின் முதல் மதிப்பெண்ணையும் சமமாக்குகிறது. மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, மற்றதில் 90 எனில், அங்கு 60 பெற்றவருக்கு 66.67. எளிய கணக்குதான். ஆயினும் முதலிடம் பெற்ற ஒரே ஒருவரின் மதிப்பெண், பல்லாயிரம் பேரின் இடத்தை அசைத்துவிடுகிறதே!

இரு தாள்களிலும் சில பொது வினாக்களை வைத்தால் கடினத்தை நேரடியாக அளக்கலாம் என்பர் அறிஞர். நல்ல வழியே. ஆனால் காலையில் கேட்ட வினா மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிடுமே!

எனவே, இயன்றவரை ஒரே வேளை, ஒரே தாள் என்பதே என் கருத்து. முதுநிலை நீட் தேர்வை ஒரே ஷிப்ட்டில் நடத்துமாறு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; ஆகஸ்ட் 3 அன்று அவ்வாறே நடந்தது. இயலாத இடத்தில், மாற்றும் முறையையும் ஷிப்ட்வாரிக் கணக்கையும் எளிய தமிழில் வெளியிடட்டும்.

“எனக்கு வந்தது இளகிய மண்ணுப்பா” என்று அப்பாவிடம் இன்று சொல்ல முடிகிறது. “எவ்வளவு இளகலுன்னு அளந்தாங்களா?” என்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்லன், தேர்வு நடத்தியவர்கள்.