வாங்கின பாலிசியை 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்க ஏன் தயங்குறீங்க?



800 ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்குறோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா சைஸ் சரியில்லை. அடுத்த நாளே பில்லோட கடைக்குப் போய் மாத்திட்டு வந்துடுறோம். ஆனா வருஷம் 60,000 ரூபாய் வீதம் 12 வருஷம், மொத்தம் 7,20,000 ரூபாய் கட்ட வேண்டிய ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி நமக்கு ஒத்து வராதுன்னு தெரிஞ்சா மட்டும், "கையெழுத்து போட்டாச்சு, இனி என்ன பண்றது"ன்னு விட்டுடுறோம்.

திருப்பிக் கொடுக்க வழி இருக்கு. அதுக்குப் பேர் ஃப்ரீ லுக் பீரியட். இந்த வழி தெரியாததைவிட, தெரிஞ்சும் முகதாட்சண்யத்துக்காக விட்டுடறதுதான் பெரிய நஷ்டம் என்பது என் கருத்து.

விதி என்ன சொல்லுது?

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பாலிசி ஆவணம் உங்க கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. முன்னாடி இது பொதுவா 15 நாளாக இருந்தது. பணம் கட்டின தேதியிலிருந்தோ கையெழுத்து போட்ட தேதியிலிருந்தோ இல்லை, ஆவணம் கிடைத்த தேதியிலிருந்துதான் கணக்கு. இமெயிலில் வந்திருந்தா, மெயில் வந்த நாள்.

பிரிட்டனில் போனிலோ ஆன்லைனிலோ வீட்டு போன் கனெக்ஷன் எடுத்தா, மனசு மாறுறதுக்கு 14 நாள் தர்றாங்க. நமக்கு இன்ஷூரன்ஸில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அவகாசம் இருக்கு. பயன்படுத்துறதுதான் இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

27 வயசு. வருஷ பிரீமியம் 60,000 ரூபாய், காப்பீட்டுத் தொகை 6 லட்சம். 20-வது நாள் கேன்சல் பண்றீங்கன்னு வைப்போம். என்னென்ன பிடிப்பாங்க?

- முத்திரைக் கட்டணம்: ஆயிரத்துக்கு 20 பைசா கணக்கில் 120 ரூபாய்.
- அந்த 20 நாள் உயிர்க் காப்பீடு இருந்ததுக்கான விகிதாசாரத் தொகை: இந்த வயசுக்கு மிகச் சிறிய தொகைதான்.
- மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தா அதுக்கான செலவு.

மிச்சமெல்லாம் உங்க அக்கவுன்ட்டுக்குத் திரும்பி வரணும். கோரிக்கை போய்ச் சேர்ந்த 7 நாளுக்குள்ள தரணும்னு விதி.

இப்போ அடுத்த பக்கத்தைப் பாருங்க. "சரி, பார்த்துக்கலாம்"னு விட்டு, இரண்டாவது பிரீமியமும் கட்டி, அந்த வருஷத்துக்குள்ள சரண்டர் பண்றீங்க. சாதாரண எண்டோமென்ட் மாதிரி பாலிசியில் உத்தரவாதமான குறைந்தபட்ச சரண்டர் வேல்யூ, கட்டின மொத்த பிரீமியத்தில் 30 சதவீதம். 1,20,000-க்கு 36,000 ரூபாய். ஸ்பெஷல் சரண்டர் வேல்யூன்னு ஒன்று இருக்கு, அது இதைவிடக் கூடுதலா வரலாம். ஆனாலும் கட்டினது முழுசா வராது. முதல் 30 நாளில் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய விஷயம், பல ஆயிரம் ரூபாயில் போய் நிக்குது.

யூலிப் வாங்கினவங்க ஒன்று கவனிங்க. கேன்சல் பண்ற நாளின் என்.ஏ.வி. அடிப்படையில்தான் பணம் வரும். மார்க்கெட் இறங்கியிருந்தா அந்தக் குறைவு உங்களுக்குத்தான்.

"டேக்ஸ் மிச்சமாகும் சார்"

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதி பாலிசி விற்குது. நீங்க எந்த வரி முறையில் இருக்கீங்கன்னு முதல்ல பாருங்க. இப்போ புதிய வரி முறைதான் டீஃபால்ட். அதில் 80சி கழிவே கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து, வேற வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு 12,75,000 ரூபாய் வரைக்கும் புதிய முறையில் வரியே வராது. வராத வரியை மிச்சம் பிடிக்க 60,000 ரூபாய் பாலிசி எதுக்கு?

பழைய முறையில் இருந்து, அந்த ரசீதை ஆபீஸில் புரூஃபாகக் கொடுத்திருந்தா, கேன்சல் பண்ணினதும் எச்.ஆருக்குச் சொல்லிடுங்க. மார்ச்சில் வாங்கி ஏப்ரலில் பணம் திரும்பி வந்திருந்தாலும், ரிட்டர்னில் அந்தக் கழிவை எடுக்காதீங்க.

"அவர் மனசு கஷ்டப்படுமே"

நிஜமான தடை இதுதான். விற்றவர் அப்பாவோட நண்பரா இருப்பார், சித்தப்பாவா இருப்பார், இல்லைன்னா சம்பள அக்கவுன்ட் இருக்கிற பேங்க்கின் ஆர்.எம். ஆக இருப்பார். கேன்சல்னு சொன்னதும், "தம்பி, டார்கெட் இருக்கு, ஒரு வருஷம் மட்டும் கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்.

அவருடைய உழைப்பை நான் குறைச்சுச் சொல்லலை. நல்ல ஆலோசனை தர்ற ஏஜென்ட்டுகளும் இருக்காங்க. ஆனா அவருக்குப் போறது ஒரு கமிஷன். உங்களுக்குப் போறது 12 வருஷச் சேமிப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சித்தப்பாவுக்கு உதவணும்னா, தீபாவளிக்கு நல்ல வேட்டி சட்டை எடுத்துக் கொடுங்க. அது மலிவு.

எப்படி கேன்சல் பண்றது?

1. ஏஜென்ட் வழியாகப் போகாதீங்க. "நான் பார்த்துக்கறேன்"னு சொல்லிச் சொல்லியே 30 நாள் ஓடிடும். பாலிசி ஆவணத்திலேயே இருக்கிற கம்பெனியின் இமெயிலுக்கு நேரடியா எழுதுங்க, இல்லைன்னா கிளையில் கொடுத்து சீல் போட்ட நகல் வாங்குங்க.
2. பாலிசி எண், ஆவணம் கிடைத்த தேதி, பேங்க் விவரம், கேன்சல் செய்த காசோலை இருக்கட்டும். காரணமும் எழுதணும். "பாலிசி நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையதாக இல்லை" என்ற ஒரு வரி போதும்.
3. ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தா அதையும் நிறுத்துங்க.
4. இழுத்தடிச்சா முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. அங்கேயும் நடக்கலைன்னா ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்தில் புகார், அல்லது 155255-க்கு போன். அதுக்கும் மேல இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, சென்னையிலேயே அலுவலகம் இருக்கு.

எப்போ கேன்சல் பண்ணக் கூடாது?

டேர்ம் இன்ஷூரன்ஸா இருந்து, உங்களை நம்பி வீட்டில் ஆட்கள் இருந்தா அவசரப்படாதீங்க. வேற பாலிசிக்கு மாறணும்னா, புதுசு கைக்கு வந்த பிறகு பழசை விடுங்க. ஹெல்த் பாலிசிக்கும் இதேதான். இடைப்பட்ட ஒரு வாரத்தில் ஏதாவது நடந்தா மிச்சம் பிடிச்ச பிரீமியம் உதவாது.

30 நாள் முடியப் போகுதுன்னு கம்பெனியோ ஏஜென்ட்டோ போன் பண்ணி ஞாபகப்படுத்த மாட்டாங்க. அதனால பாலிசி மெயில் வந்த அன்னைக்கே மொபைல் காலண்டரில் 20-வது நாளுக்கு ஒரு ரிமைண்டர் போடுங்க. அதுக்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுசா படிங்க. எத்தனை வருஷம் கட்டணும், எப்போ எவ்வளவு வரும், நடுவில் நிறுத்தினா என்ன ஆகும்: இந்த மூணு கேள்விக்கும் பதில் உங்களுக்குத் திருப்தியா இல்லைன்னா, அன்னைக்கே மெயிலை அனுப்பிடுங்க.