“போர்டு போச்சு!” என்றால் உடனே நம்பலாமா?

பையன் பட்டனை அழுத்துகிறான். விசிறி சுழல்கிறது. விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

மறுபடியும் அழுத்துகிறான். மறுபடியும் கறுப்பு!

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் தொழிலாளியின் வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் கல்லூரி மாணவன். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்தினால், அதே பணத்தில் இன்னும் நல்ல கம்ப்யூட்டர் கிடைக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். அப்பாவின் தீபாவளி போனஸ் அதற்குப் போயிற்று. சில பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் இருந்து வந்தன. சில பாகங்கள் கூரியரில் வந்தன. இரண்டு இரவு கண் விழித்துப் பொருத்தினான். அம்மா பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். பட்டனை அழுத்தும்போது வீடே சுற்றி நின்றது.

“பேசாம கடையிலேயே வாங்கியிருக்கலாம்” என்கிறார் அப்பா. பையன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். அங்கே ஒரு ரிப்பேர் கடை இருப்பதாக யாரோ சொன்னார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறக்கிறார். இரண்டு நிமிடம் பார்க்கிறார்.

“போர்டு போச்சு அண்ணாச்சி. புதுசு போட்டுடலாம்.”

இந்த இரண்டு வார்த்தைகளால் எத்தனையோ வீடுகளில் வீண் செலவு ஆகிறது. “போர்டு போச்சு” என்பது முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய கடைசி வார்த்தை அது!

போர்டு போகவே போகாதா? போகும். மின்னல் தாக்கினால் போகும். தண்ணீர் பட்டால் போகும். பிராசசரை அவசரமாக வைத்து, கீழே உள்ள முடி போன்ற கம்பிகளை வளைத்துவிட்டாலும் போகும். 2000-ம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், மட்டமான கெபாசிட்டர்கள் வீங்கிக் கசிந்து, உலகம் முழுவதும் ஏராளமான போர்டுகள் கெட்டுப் போயின. ஆனால், நேற்றுப் பொருத்திய கம்ப்யூட்டர் இன்று எழும்பவில்லை என்றால், முதல் சந்தேகம் பொருத்திய விதத்தின் மீதுதான் விழ வேண்டும்.

மில்லில் நடப்பது என்ன?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதில் இருந்து, கோளாறு கண்டுபிடிப்பதே பலருக்குப் பிழைப்பாக இருக்கும் ஊர் இது.

ரிங் பிரேமில் நூல் அடிக்கடி அறுகிறது. பிட்டர் என்ன செய்கிறார்? ஒரு கதிரில் மட்டும் அறுகிறதா, மிஷின் முழுவதும் அறுகிறதா என்று முதலில் பார்க்கிறார். ஒரு கதிரில் மட்டும் என்றால், கோளாறு அந்தக் கதிரை விட்டு வெளியே இல்லை. மிஷின் முழுவதும் என்றால், ஒவ்வொரு படியாகப் பின்னால் போகிறார். சிம்ப்ளக்ஸில் இருந்து வந்த பாபின் சரியா? அதற்கு முன் டிராயிங் சரியா? அதற்கும் முன் கார்டிங் சரியா? எடுத்த எடுப்பில், “மிஷினையே மாற்றுங்கள்” என்று ஒரு பிட்டர் சொன்னால், அவரை மறுநாள் வேலைக்கு வைத்திருப்பார்களா?

கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான்.

முதலில், கறுப்புத் திரைகள் எல்லாம் ஒன்றல்ல. விசிறியும் சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால், மின்சாரம் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். சுவரில் உள்ள பிளக், யு.பி.எஸ்., பெட்டியின் பின்புறம் உள்ள சிறு சுவிட்ச், முன்பட்டனில் இருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பின்புற சுவிட்சைப் போட மறந்துவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு!

திரையில் எழுத்து வந்து, ‘பூட் செய்ய எதுவும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் காட்டினால், அது பாதி வெற்றி. போர்டும் பிராசசரும் ரேமும் வேலை செய்கின்றன. டிஸ்க்கை மட்டும் கவனித்தால் போதும்.

விசிறி சுழன்றும் திரை கறுப்பாக இருப்பதுதான் ஆளைக் குழப்புகிறது. இதற்கு ஒரே மருந்து, கழற்றுவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையை ஓர் இரும்பில் வைத்து எடுத்து, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லும்.

போர்டு, பிராசசர், அதன் மேல் உள்ள விசிறி, ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். இவை மட்டும் இருக்கட்டும். பிராசசருக்குச் சொந்தமாகப் படம் காட்டும் சக்தி இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டும் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கேபினட்டில் போர்டைத் தாங்கும் சிறு பித்தளைத் திருகுகளில் ஒன்று இடம் மாறி, போர்டின் அடியில் பட்டுக்கொண்டிருந்தால், வெளியே எடுத்ததும் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் எழும்பினால், கழற்றியதை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். எதை மாட்டியதும் படுத்துக்கொள்கிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

எழும்பவே இல்லையா? ரேமை எடுத்து மறுபடியும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். பிராசசருக்குத் தனியாக மின்சாரம் கொண்டுபோகும் 8 பின் வயரைப் பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்துகிறவர்கள் அடிக்கடி மறப்பது அதைத்தான். அது இல்லாமலே விசிறிகள் சுழலும் என்பதுதான் வேடிக்கை! கிராபிக்ஸ் கார்டு இருந்தால், திரையின் வயரை அதில் மாட்ட வேண்டும். போர்டில் மாட்டக் கூடாது.

இன்னொன்று, பொறுமை. டி.டி.ஆர். 5 வகை ரேம் உள்ள புதிய கம்ப்யூட்டர், முதல் தடவை எழும்பச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதற்குள் பத்துத் தடவை பட்டனை அழுத்தி அணைக்கிறவர்களை என்ன சொல்வது!

பம்பாயில் செய்தது

சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்குவது நேற்று வந்த யோசனை அல்ல. நம் நாட்டார் சொந்தமாகக் கட்டிய ‘டிப்ராக்’ என்ற கம்ப்யூட்டரின் கதையும் அதுதான். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் ஆர். நரசிம்மன். எடுத்ததும் பெரிய மிஷினில் அவர்கள் கை வைக்கவில்லை. முதலில் ஒரு சிறிய மாதிரி மிஷினைக் கட்டி, 1956-ல் ஓட்டிப் பார்த்தார்கள். அது ஓடிய பிறகே பெரியதைக் கட்டினார்கள். 1960-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. 1962-ல் பிரதமர் நேரு அதற்குப் பெயர் சூட்டினார்.

அமெரிக்காவில் 1946-ல் உலகத்துக்குக் காட்டிய ‘எனியாக்’ கம்ப்யூட்டரில், பழைய ரேடியோக்களில் இருந்ததைப் போன்ற வால்வுகள் சுமார் 18 ஆயிரம் இருந்தன. அவற்றில் ஒன்று கெட்டாலும் கணக்குத் தப்பும். எது கெட்டது என்று தேடிப் பிடித்து அதை மட்டும் மாற்றினார்களே தவிர, 18 ஆயிரத்தையும் மாற்றவில்லை.

பார்த்ததற்குக் காசா?

அப்படியானால் கடைக்காரர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா? அப்படிச் சொல்வது அநியாயம். ஏமாற்றுகிறவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால், குற்றத்தில் பாதி நம்முடையது.

ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, கடைசியில் ஒரு வயரைச் செருகிக் கம்ப்யூட்டரை எழுப்புகிறார். 300 ரூபாய் கேட்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? “ஒரு வயரைச் செருகினதுக்கா 300 ரூபாய்?” என்று சண்டைக்குப் போகிறோம். அதே மனிதர் புதுப் போர்டு போட்டு 8 ஆயிரம் ரூபாய்க்குப் பில் கொடுத்தால், பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். கையில் ஒரு பொருள் கிடைத்ததே என்று திருப்தி! பொருள் விற்றால்தான் காசு என்று ஆக்கிவிட்டால், அவர் பொருளைத்தானே விற்பார்?

டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பீஸ் கொடுக்கிறோம். மாத்திரை எழுதாமல் அனுப்பினாலும் கொடுக்கிறோம். கோளாறு பார்ப்பதற்கு இவ்வளவு கூலி என்று கடையில் முதலிலேயே பேசிக்கொள்வதுதான் இரண்டு பக்கமும் நியாயம். கூலி கொடுத்தவருக்கு, “எது கெட்டது, காட்டுங்கள்” என்று கேட்க உரிமை உண்டு. போர்டுதான் கெட்டது என்றால், வேறு நல்ல போர்டில் அதே ரேமையும் பிராசசரையும் வைத்து ஓட்டிக் காட்டலாம். கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது புதிதாக வாங்கியது என்றால் வாரண்டி இருக்கும்.

கடைக்குப் போகும் முன் பையனுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுப்பதில் தவறில்லை. “காசைக் கரியாக்கிட்டியே” என்று அப்பா சொல்லிவிட்டால், அவன் மறுபடியும் ஸ்குரூடிரைவரைத் தொட மாட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் நிற்கிறவர்களின் கதையை இப்படி முடிக்கலாம். அப்பா மில்லில் முப்பது வருஷம் பிட்டர் வேலை பார்த்தவர்.

“ஒண்ணொண்ணாக் கழத்திப் பாருங்க அண்ணாச்சி. பாக்குறதுக்குக் கூலி தந்துடுறேன். தம்பியும் பக்கத்துல இருந்து பாக்கட்டும்” என்கிறார்.

கடைக்காரர் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். முக்கால் மணி நேரம் கழித்து, எஸ்.எம்.பி.எஸ். வயர்க் கட்டுக்குள் மடங்கிக் கிடந்த 8 பின் வயர் கைக்கு வருகிறது. அதைச் செருகியதும் திரையில் வெள்ளை எழுத்துகள் வருகின்றன. பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் காட்டுகிறது.

“என்னப்பா, இன்னும் கோளாறு இருக்கா?” என்று பதறுகிறார் அப்பா.

“இல்லப்பா. இனிமேத்தான் விண்டோஸ் போடணும்” என்கிறான் பையன்.