வரி சமமானது, தேர்வு எளிதாகவில்லை

பெரிய குடும்ப வாகனம் வாங்குவோரின் பழைய கணக்கை ஜிஎஸ்டி சீரமைப்பு மாற்றிவிட்டது. டொயோட்டாவின் டீசல் இன்னோவா கிரிஸ்டாவும் பெட்ரோல் ஹைபிரிட் இன்னோவா ஹைகிராஸும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு முதலாவதற்கு 50%, இரண்டாவதற்கு 43% வரி. இப்போது இரண்டுக்கும் 40%. ஹைபிரிடுக்கு இருந்த வரிச் சாதகம் மறைந்துவிட்டது.

ஆகவே, பயன்பாடே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். நகர நெரிசலில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேமிக்கும் ஹைபிரிட் எரிபொருளை மிச்சப்படுத்தும். தனிச் சேஸியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட கிரிஸ்டா, முழுச் சுமையுடன் கரடுமுரடான சாலைகளில் செல்வோருக்குப் பொருந்தும். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. உத்தரவாதம் உண்டு, அதன் பிறகு மாற்ற நேர்ந்தால் செலவு உரிமையாளருடையது.

டீசலுக்கு இருக்கும் ஆபத்து வேறு. தனிநபர் வாகனப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். ஆனால், டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குமான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது.

வாழ்நாள் சேமிப்பில் வாங்கும் வாகனத்தின் ஆயுள் இப்படி ஊசலாடக் கூடாது. வயதுக்குப் பதிலாக உண்மையான புகை அளவை அடிப்படையாகக் கொண்ட நிலையான விதியை அரசு வகுக்க வேண்டும். அதுவரை, தலைநகர் வட்டாரத்தில் வசிப்போருக்கு ஹைபிரிடே பாதுகாப்பான தேர்வு.