நாற்றும் புல்லும்

எழுத வேண்டுமென்று புறப்படுகிற இளைஞர்களிடம் ஒரு விசித்திரமான பயம் இருக்கிறது. ஒரு கதையை அலசிப் பார்த்தால் தங்கள் படைப்புச் சக்தி வற்றிவிடுமாம். "நான் ரசிகன், விமரிசகன் அல்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எழுத்துப் பயிற்சி நடத்தும் பெரியவர்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். நிறையப் படி, நிறைய எழுது, தானே வரும் என்பது அவர்கள் உபதேசம். எங்கள் தஞ்சை ஜில்லாவில் தானே வருவது களை ஒன்றுதான்.

நட்ட வயலில் நெல்லைப் போலவே ஒரு புல் முளைக்கும். பட்டணத்து மாப்பிள்ளையை இறக்கிவிட்டால் நெல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புல்லை வாழவைத்துவிடுவார். களை எடுக்கிற கிழவி ஏமாறமாட்டாள். இலை தண்டோடு சேருகிற இடத்தில் நெல்லுக்கு மெல்லிய தோலாக ஒரு நாக்கு உண்டு. அந்தப் புல்லுக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டதால் கிழவிக்குப் பயிரின்மேல் ஆசை குறைந்தா போயிற்று?

உ. வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அவர் படித்தவற்றுக்குக் கணக்கில்லை. 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியரானார். அந்த வருஷமே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் பட்டியலை ஒப்பித்தார். அதனால் என்ன பிரயோஜனம் என்ற தோரணையில் முதலியார் சிந்தாமணி உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று விசாரித்தார். இல்லை. இருபத்தைந்து வயசு வித்துவானுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சிந்தாமணிப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு சுவடியில் ஒரு பாடம், இன்னொன்றில் வேறு. எது கவியின் சொல், எது எழுதினவன் கைப்பிழை? ஜைன சமயம் தெரியாமல் பொருள் விளங்காத இடங்களில் ஜைனர்களைத் தேடிப்போய்க் கேட்டார். புத்தகம் அச்சில் வந்தது 1887-இல். ஒரு நூலுக்கு ஏழு வருஷம். வருஷத்துக்கு நூறு புத்தகம் படித்தேன் என்று கணக்கு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அது பண்டிதர் வேலை, எழுத்தாளனுக்கு எதற்கு என்பார்கள். 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'என் சரித்திர'த்தை ஒரு பக்கம் படித்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். அவ்வளவு சுவடிகளைச் சலித்த கைதான் அந்தத் தெளிந்த வசனத்தை எழுதிற்று. விமரிசனம் அதை வற்றவைத்ததாகத் தெரியவில்லை.

அதே கும்பகோணத்துக்காரர் கு. ப. ராஜகோபாலன். பாரதி மகாகவியா என்ற சண்டை மூண்டபோது சிட்டியோடு சேர்ந்து 'கண்ணன் என் கவி' என்று ஒரு புத்தகமே எழுதினார். கதை எழுதுகிற மனுஷர், விமரிசனமும் எழுதினார். கதை கெட்டுப்போகவில்லை.

அவருடைய 'விடியுமா?' கதையை மாணவர்களிடம் கொடுத்தால் "ரொம்ப உருக்கம் சார்" என்பார்கள். எந்த இடத்தில் உருகினாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். புருஷன் சென்னை ஆஸ்பத்திரியில் அபாயமாகக் கிடக்கிறான் என்று தந்தி வருகிறது. மனைவியும் தம்பியும் ராத்திரி ரயிலில் போகிறார்கள். ஏன் ஆஸ்பத்திரியில் கதையைத் தொடங்கவில்லை? ரயிலுக்கு ஏன் அத்தனை பக்கம்? கதையை ஏன் தம்பி சொல்கிறான், அவள் சொல்லவில்லை? அவள் சொல்லியிருந்தால் நாம் எதைத் தெரிந்துகொண்டிருப்போம், எதை இழந்திருப்போம்? மாணவன் பென்சிலை எடுத்துக்கொண்டு இந்த ஒரு கதையோடு ஒரு வாரம் உட்காரட்டும். அழுகை வந்தால் அழட்டும், தடையில்லை. எந்த வரியில் வந்தது என்று ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அழட்டும்.