சின்ன லென்ஸும் பெரிய காமிராவும்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என் மேசையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் தம்பி எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே ‘துவாஸ் தம்பி’ என்றே வைத்துக்கொள்வோம்.

“ஐயா, தை மாதம் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம். படம் பிடிப்பது என் பொறுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மூன்று வருடமாகச் சேர்த்த காசில் பழைய நிக்கான் டி750 காமிரா ஒன்று வாங்கினேன். ஆனால் என்னிடம் இருப்பவை முந்திய சின்னக் காமிராவின் லென்ஸ்கள் இரண்டு. மாட்டி எடுத்தால் நான்கு மூலையும் கறுத்துவிடுகிறது. நடுவே கண்ணாடி வைத்த வளையம் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். விலை என் பத்து நாள் சம்பளம். வாங்கட்டுமா, வேண்டாமா?”

பத்து நாள் சம்பளம் என்றால் பத்து நாள் வெயில், பத்து நாள் வெல்டிங் புகை. அதனால்தான் இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. உங்கள் குடும்பத்திலும் விசேஷம் என்றால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடும் மருமகனோ மைத்துனரோ ஒருவர் இருப்பார். அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூலை ஏன் கறுக்கிறது என்று பார்ப்போம். இருட்டிய பிறகு வீட்டுச் சுவரில் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் விழும். அந்த வட்டத்துக்குள் ஒரு சின்ன நாட்காட்டி முழுதாக அடங்கும். அதே இடத்தில் ஒரு பாயைத் தொங்கவிட்டால்? நடுவில் வெளிச்சம், நான்கு மூலையிலும் இருட்டு. லென்ஸும் இப்படித்தான். அது போடும் படம் வட்டம். அதற்குள்ளிருந்து நாம் வெட்டிக்கொள்வது நீள்சதுரம்.

பழைய படச்சுருள் இருந்த இடத்தில் இன்று சென்சார் என்னும் தகடு இருக்கிறது. ‘ஃபுல் ஃபிரேம்’ காமிராவில் அது 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டர். ‘கிராப்’ என்கிற சின்னக் காமிராவில் ஏறக்குறைய 24-க்கு 16. மூலைக்கு மூலை 29. சின்னக் காமிராவுக்கென்று செய்த லென்ஸ், அந்த 29-ஐ மூடுகிற அளவுக்குத்தான் வட்டம் போட வேண்டும். அதனால்தான் அது எடை குறைவு, விலையும் குறைவு. நிக்கான் லென்ஸில் ‘டிஎக்ஸ்’ என்று போட்டிருந்தால் இந்த இனம் என்று அறிக.

இனி என் கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூரில் பெரியம்மா வீட்டுப் புதுமனை புகுவிழா. என் கையில் புதிதாக வாங்கிய பெரிய காமிரா, பழைய சின்ன லென்ஸ். டிஎக்ஸ் லென்ஸ் மாட்டியதும் தகட்டின் நடுப்பகுதியை மட்டும் காமிரா தானாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. ‘காசு கொடுத்து வாங்கிய தகட்டில் பாதிக்கு மேல் வீணாவதா?’ என்று அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். வாசற்படியில் முப்பது பேரை நிறுத்தினேன். மூலைகள் மங்கலாகத் தெரியத்தான் செய்தன. பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

முன் வரிசையில் இடது கோடியில், குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பெரியம்மா. படத்தில் அவருடைய வலது கையும் சேலைத் தலைப்பும் இருக்கின்றன. முகம் இல்லை. வெளிச்சம் குறைவாக விழுந்த இடத்தைத் தேற்றலாம். வெளிச்சமே விழாத இடத்தில் எதைத் தேற்றுவது? அடுத்த ஆண்டு அவர் காலமானார். மாலை போட்டு மாட்டப் படம் தேடியபோது, அவருடைய கடவுச்சீட்டுப் படந்தான் அகப்பட்டது. எல்லாருக்கும் இடம் விட்டுக் கோடியில் போய் உட்காருகிறவர்கள் எப்போதும் பெரியவர்கள்தாம். மூலை இருட்டு விழுங்குவதும் அவர்களைத்தான்.

சரி, கண்ணாடி வளையத்துக்கு வருவோம். லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே நின்று படத்தைப் பெரிதாக்கும் கருவி அது. ‘டெலிகன்வெர்ட்டர்’ என்று விற்கிறார்கள். 1.4 மடங்கு போட்டால் 29 மில்லிமீட்டர் வட்டம் 40 ஆகிறது. 43-க்கு இன்னும் கொஞ்சம் குறை. ஆனாலும் மூலைகள் பெரும்பாலும் வெளுத்துவிடும். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அவர் சொல்லாமல் விட்ட பாதியைத்தான் நான் சொல்ல வேண்டும்.

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு மங்குப் பாலைச் சின்னத் தட்டில் ஊற்றினால் ஷீட் தடிப்பாக உறையும். அதே பாலைப் பெரிய தட்டில் ஊற்றினால் மெல்லிசாகத்தான் பரவும். தட்டு பெரிதானதால் பால் பெருகிவிடுமா? லென்ஸ் கொண்டுவரும் வெளிச்சமும் ஒரு மங்குப் பால்தான். 1.4 மடங்கு விரித்தால் பரப்பு இரு மடங்கு. ஆகவே வெளிச்சம் பாதி. 2 மடங்கு விரித்தால் கால் பங்கு. லென்ஸில் இருக்கும் மங்கலும் கறையும் அதே அளவுக்குப் பெரிதாகும்.

காட்சியாவது அகலமாகுமா என்றால், அதுவும் இல்லை. தம்பியிடம் உள்ள 18–55 லென்ஸ், 1.4 வளையத்தோடு ஏறக்குறைய 25–77 ஆகிறது. வளையமே இல்லாமல், காமிராவின் நடுத்தகட்டை மட்டும் பயன்படுத்தினால் 27–82 போன்ற காட்சி கிடைக்கும். இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. வளையம் தருவது கூடுதல் புள்ளிகள் மட்டுமே.

ஏட்டில் எழுதினால் போதுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை துவாஸ் லிங்க் ரயில் நிலையத்தில் தம்பியைச் சந்தித்தேன். அங்கிருந்து ராஃபிள்ஸ் மரினா கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். மலேசியாவுக்குப் போகும் இரண்டாவது பாலம், 1998-இல் திறந்தது, அங்கிருந்து நீளமாகத் தெரியும். சூரியன் அதன் பக்கம் இறங்கும்போது படம் பிடிக்க ஒரு கூட்டமே வந்துவிடும். துவாஸ் என்ற பெயரே பழைய மீன்பிடி முறை ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். தென்னை ஓலைகளைக் கடலில் மிதக்கவிட்டு, நிழலுக்கு ஒதுங்கும் மீன்களை வலைபோட்டு அள்ளுவார்களாம். மீனுக்கு நிழல் ஆகும். படத்துக்கு ஆகாது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினோம்.

தானாக வெட்டும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, வெளிறிய வானத்தை ஒவ்வொரு அளவிலும் எடுத்தோம். 18–55 லென்ஸை 18-இல் வைத்தால் மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல் கறுப்பு வட்டம். துவாரத்தைச் சுருக்கினோம், வட்டத்தின் ஓரம் இன்னும் கூர்மையானதே தவிர, கறுப்பு போகவில்லை. அடுத்து, நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்த 1.4 வளையம். மாட்டுமுன் லென்ஸின் பின்கண்ணாடி எவ்வளவு வெளியே வருகிறது என்று எல்லா அளவிலும் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியோடு கண்ணாடி மோதினால் இரண்டும் போய்விடும். இதை யாரும் மறக்க வேண்டாம். மாட்டியதும் மூலை வெளுத்தது, தம்பியின் முகமும் மலர்ந்தது. பிறகு பாலத்து விளக்குகளை எடுத்தோம். ஓர விளக்குகள் ஈரத்தில் வைத்த மைப்புள்ளிபோல் கசிந்திருந்தன. தொலைவுக் காட்சிக்கான லென்ஸ்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. அகலக் காட்சி லென்ஸோடு அதற்கு ஒத்துப்போவதில்லை.

கடைசியாகத் தம்பியின் இன்னொரு லென்ஸ்: 35 மில்லிமீட்டர், எஃப் 1.8; 2009-இல் நிக்கான் கொண்டுவந்த டிஎக்ஸ் லென்ஸ். வளையமில்லாமல் மாட்டினோம். மூலையில் லேசான மங்கல் மட்டுந்தான், முழுக் கறுப்பு இல்லை. செய்தவர்கள் எழுதி வைத்ததைவிடச் சற்றுத் தாராளமாக வட்டம் போடும் லென்ஸ்களில் அதுவும் ஒன்று. தம்பி என்னைப் பார்த்தார். “அண்ணே, இது இத்தனை நாளும் என் பையிலேயே இருந்ததே!” என்றார். கடிதத்தில் ‘ஐயா’வாக இருந்த நான் அந்தக் கணத்தில் ‘அண்ணே’ ஆகிவிட்டேன்.

ஆகவே தம்பிக்கு என் முடிவு இது. வளையம் வேண்டாம். மண்டபத்தில் வெளிச்சம் குறைந்த நேரம், தாலி கட்டும் வேளை, மணமக்கள் முகம் — இவற்றுக்கு அந்த 35 மில்லி லென்ஸ். 18–55 லென்ஸ் 55-இல் நிற்கும்போது தரும் எஃப் 5.6-ஐவிட, எஃப் 1.8 ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். கூட்டப் படத்துக்கு 18–55. ஆனால் காமிராவின் தானே வெட்டும் ஏற்பாடு கட்டாயம் இயங்க வேண்டும். 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் 1 கோடி சொச்சந்தான் மிஞ்சும் என்று கவலை வேண்டாம். ஆல்பத்தில் 12 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 86 லட்சத்து 40 ஆயிரம் போதும். அந்தப் பத்து நாள் சம்பளத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், பெரிய காமிராவுக்கென்றே செய்த பழைய 50 மில்லி, எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை விசாரியுங்கள். அந்த இனத்தில் மிக மலிவானவற்றுள் அது ஒன்று. கோல்மன் தெருவிலுள்ள பெனின்சுலா கடைத்தொகுதி காமிராக் கடைகளுக்குப் பேர்போனது. வாங்குமுன் உங்கள் காமிராவில் மாட்டி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

மற்றக் காமிரா வைத்திருப்போருக்கும் இரண்டு வார்த்தை. கேனானின் ‘ஈஎஃப்-எஸ்’ லென்ஸை, கண்ணாடி தூக்கி விழும் பழைய வகைப் பெரிய காமிராவில் மாட்ட இயலாது. பின்பகுதி உள்ளே நீண்டிருப்பதால், வற்புறுத்தினால் அந்தக் கண்ணாடியில் இடிக்கும். நிக்கானும் கேனானும் 2018-இல் கொண்டுவந்த புதிய வகைப் பெரிய காமிராக்களில் பழைய லென்ஸை மாட்டத் தரும் வளையத்துக்குள் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது. வெறும் இடைவெளி நிரப்பிதான். சின்ன லென்ஸ் என்று கண்டதும் அந்தக் காமிராக்கள் தாமே வெட்டிக்கொள்ளும்.

அப்படியானால் விரிக்கும் கண்ணாடி வீணான பொருளா? அல்ல. சினிமாத் தொழிலில் ‘சூப்பர் 35’ அளவுக்குச் செய்த உயர்ந்த லென்ஸ்களின் விலை நம்மைத் தலைசுற்ற வைக்கும். அவற்றைப் பெரிய தகட்டுக் காமிராவில் பயன்படுத்த, 1.4 மடங்கு விரிக்கும் கருவியை ஜெர்மனியின் ஐபி/ஈ ஆப்டிக்ஸ் செய்தது. அங்கே லென்ஸ் முதல்தரம். வெளிச்சமும் கொட்டிக் கிடக்கும். பாதியை இழக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகும். இதற்கு நேர் எதிரானது 2013-இல் மெட்டாபோன்ஸ் வெளியிட்ட ‘ஸ்பீட் பூஸ்டர்’. பெரிய லென்ஸின் படத்தை 0.71 அளவுக்குச் சுருக்கிச் சின்னத் தகட்டில் போடும். பெரிய தட்டுப் பாலைச் சின்னத் தட்டுக்கு மாற்றுவதுபோல வெளிச்சம் இரு மடங்காகும். சுருக்கினால் தடிக்கும், விரித்தால் மெலியும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தால் எந்தக் கடைக்காரர் எதைக் காட்டினாலும் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

கூட்டப் படம் எடுக்கும்போது மணமக்களை மட்டும் பார்த்துப் பொத்தானை அழுத்தாதீர்கள், தம்பி. நான்கு மூலையையும் ஒருதரம் கண்ணால் சுற்றி வாருங்கள். அங்கே யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால், எழுப்பிக் கூட்டி வந்து நடுவில் உட்கார வையுங்கள். அதற்கு எந்த வளையமும் தேவையில்லை.

தங்கைக்கு என் ஆசிகள். ஆல்பம் வந்ததும் எனக்கும் காட்ட வேண்டும். மற்ற வாசகர்களே, அடுத்த இதழில் சந்திப்போம்.