சீம்பாலும் தாய்ப்பாலும்

ரமணாசிரமத்துக்குப் போனால் லட்சுமியின் சமாதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1926-ல் கன்றாக வந்து சேர்ந்து, 1948-ல் கண்ணை மூடிய பசு அது. சென்ற முறை போனபோது நானும் பார்த்துவிட்டுச் செங்கம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பாட்டி, கையில் தூக்குடன் வந்தார்.

"பக்கத்து வீட்டுப் பசு கன்னு போட்டிருக்கு. சீம்பால் குடுத்தாங்க" என்றார், நான் கேட்காமலே. அடுத்த நிமிஷம் முகம் வாடிவிட்டது. "நம்ம வீட்டிலேதான் பாலுக்குப் பஞ்சம், கண்ணு. பேத்திக்கு நேத்துக் காலையிலே பிரசவம். இன்னும் பாலே ஊறலே. மஞ்சளா என்னமோ பிசுபிசுன்னு வருது. அதைப் பீய்ச்சிக் கொட்டிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணி குடுக்கிறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டின் சீம்பாலைச் சிந்தாமல் சுமந்து வருகிறார். பேத்தியின் சீம்பாலைக் கொட்டிவிட்டார்!

முதல் நாளே ஏன் பால் பெருகுவதில்லை, தெரியுமா, சகோதரிகளே? மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் புரோலாக்டின்தான் பாலுக்கு ஆதாரம். சாதாரண நாட்களில் மூளை, டோபமைன் என்ற பொருளை அனுப்பி அதை அடக்கி வைக்கிறது. கர்ப்பமானதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதத்துக்கு மாதம் ஏறும். அது அந்தக் கட்டைத் தளர்த்தி, புரோலாக்டின் சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. பிட்யூட்டரியே பருத்துவிடுகிறது! பிரசவம் நெருங்கும்போது ரத்தத்தில் புரோலாக்டின் சுமார் பத்து மடங்கு.

அப்படியானால் கர்ப்பத்திலேயே பால் பெருக வேண்டாமா? அங்கேதான் வேடிக்கை. பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பிய அதே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற தன் தோழியையும் சேர்த்துக்கொண்டு, மார்பிலே பாலை மறித்து நிற்கிறது. தோழிதான் அதிகக் கண்டிப்பு. இரண்டும் நஞ்சுக்கொடியில் ஊறுபவை. குழந்தை பிறந்து நஞ்சு விழுந்ததும் காவல் விலகும். விலகினாலும் பால் பெருக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். (நஞ்சில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் இன்னும் தாமதமாகலாம், டாக்டர்தான் பார்க்க வேண்டும்.) அதுவரை சொட்டுச் சொட்டாக வரும் மஞ்சள் பால், குழந்தையை நோயிலிருந்து காக்கும் சீம்பால்.

புரோலாக்டினுக்குப் பெயர் சூட்டிய அமெரிக்கர் ஆஸ்கர் ரிடில், 1930-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தது பசுவை அல்ல, புறாவை! ஆண் புறாவின் தொண்டைப் பையிலும் குஞ்சுக்குப் 'பால்' ஊறுகிறது. நம் வீட்டு ஆண்கள் கவனிக்க.

பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடும். அப்புறம் புரோலாக்டினை எழுப்ப வேண்டியது குழந்தையின் வாய்தான். சர்க்கரைத் தண்ணீரில் வயிறு நிறைந்த குழந்தை எப்படிச் சப்பும்? சப்பாவிட்டால் பால் எப்படி ஊறும்? 'பாலே இல்லை' என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் மெய்யாகிவிடுகிறது.

இன்னொன்று: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கக்கூடும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, பால் கொடுக்கும் தாய்க்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. கடையில் நீங்களாக வாங்காதீர்கள். பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இத்தனையையும் பாட்டியிடம் நடுரோட்டில் சொல்ல முடியுமா? "அந்த மஞ்சள்தான் பாட்டி சீம்பால். கொட்டாதீங்க. குழந்தையை அடிக்கடி மார்பிலே போடச் சொல்லுங்க. டாக்டர் சொன்னாலொழியச் சர்க்கரைத் தண்ணி வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, ஒண்ணுக்குப் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

பாட்டி தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட, இதுவும் அதுவும் ஒண்ணா!" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க வேகமாக நடந்தார்.