அரை மீட்டர் கம்பி

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிக்குப் பஞ்சமில்லை. மின்பெட்டியில் ‘டிரிப்’ ஆனால் தொலைக்காட்சி தப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தப்பாது. மின்னெழுச்சி மைக்ரோ விநாடிகளில் பாய்ந்துவிடும். சர்க்கியூட் பிரேக்கர் விழ மில்லி விநாடிகள் ஆகும்.

அதற்குத்தான் மின்பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான். அதன் துத்தநாக ஆக்சைடு வில்லை 230 வோல்ட்டில் சும்மா இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் உடனே கடத்தியாகி, மின்னோட்டத்தை நிலத்துக்குத் திருப்பும்.

கடையில் எல்லாரும் ‘எத்தனை கிலோ ஆம்பியர்?’ என்றே கேட்கிறார்கள். இணைப்புக் கம்பியின் நீளத்தையல்லவா கேட்க வேண்டும்! மைக்ரோ விநாடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால், ஒரு மீட்டர் கம்பியின் தன்மின்தூண்டலே ஏறத்தாழ 1,000 வோல்ட்டைக் கூட்டும். அதுவும் உங்கள் கணினியின் தலையில்தான் விழும். மொத்தக் கம்பியும் அரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

பொருத்துவது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை; நீங்கள் நீளத்தை மட்டும் விசாரியுங்கள். தடுப்பானின் சிறு சன்னல் சிவப்பாக மாறினால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றச் சொல்லுங்கள்.